கடல் பார்க்க இறக்கிவிடப்பட்டவன்

சித்தெ அக்கட்ட நகந்து உக்காருங்க சார், இந்தக் கல்லுல ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். நெழலும் இங்க மட்டுந்தான் இருக்குது. தனியாத்தான் வந்தீங்களா? நல்லதுங்க. நானும் இப்போதைக்குத் தனிதான். காலையில ஜோடியா வந்தேன். வந்து கொஞ்ச நேரத்துல என்ற சம்சாரத்தை இங்க விட்டுப்போட்டு நான் போயிட்டேன். மத்தியானம் என்னைய இங்க விட்டுப்போட்டு அவ போயிட்டா. கணக்கு நேராப் போச்சு.

இல்லீங்க, சண்டையெல்லாம் இல்ல. சண்டைன்னா நாஞ் செயிச்சிருவேன். அவ சிரிச்சுட்டே சொல்லிட்டுப் போயிட்டா, அதான் பயமா இருக்குது. "இங்க உக்காந்து கடலைப் பாருங்க மாமா. பாத்துப்போட்டு ரூமுக்கு வந்து, என்ன பாத்தீங்கன்னு எனக்குச் சொல்லோணும். சொன்னீங்கன்னா நாளைக்கு ஒட்டுக்காப் போலாம். சொல்லத் தெரியலைன்னா நானு கோபிக்குப் பஸ் ஏறிருவேன். மிச்ச ஊரை நீங்களே பாத்துக்கோங்க." இப்படிச் சொல்லிட்டு மாயவரம் பஸ்ஸுல ஏறிட்டா. ரூம் மாயவரத்துல, சாவி அவகிட்ட. போன் பண்ணுனா எடுக்கமாட்டேன்னும் சொல்லிட்டா. அவ சொன்னாச் செய்வா சார். நாந்தான் சொல்லிப்போட்டு மாத்திக்குவேன்.

என்ற பேரு சென்னியப்பன். கோபிச்செட்டிபாளையம் பக்கம். கவர்மெண்டு பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கண்டக்டருன்னா தினமும் ஊரு சுத்தறவன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. ருக்குவும் அப்படித்தான் நெனைச்சா. ருக்குமணி, அதான் என்ற சம்சாரம். "நீங்க மட்டும் ஊரு ஊராப் போறீங்களே, ஒருக்கா என்னையக் கூட்டிட்டுப் போங்களேன்"னு கல்யாணமான புதுசுல கேட்டா. ரிட்டயர்டு ஆகட்டும்னு சொன்னேன். ரிட்டயர்டும் ஆனேன். மாட்டை யாரு பாக்கறதுன்னு கேட்டேன். அவ அன்னைக்கே தங்கச்சிக்குப் போன் போட்டு வரச்சொல்லிட்டா. அப்பறம் நானும் தேதி குறிச்சேன்.

எங்க வீதியில ஒரு டூர் வேன்காரன் இருக்கறான். "வாங்கண்ணா, கும்பகோணம், தஞ்சாவூரு, நவக்கிரகம், எல்லாம் ஒரே மூச்சுல காட்டிட்டு வந்துருவேன்"னான். நான் ஒரே பேச்சாச் சொல்லிட்டேன். அவங்கூடப் போனா அவன் நிறுத்துற எடத்துல எறங்கோணும், கூப்புடற நேரத்துல ஏறோணும். ஆட்டுமந்தையாட்டம் ஓட்டிட்டுப் போவான். நாம நம்ம இஷ்டத்துக்குப் போலாம் ருக்கு, புடிச்ச எடத்துல உக்காரலாம், புடிக்கலைன்னா எந்திரிக்கலாம்னேன். அவளுக்கு அந்த உக்காரலாம்ங்கற வார்த்தை நெம்பப் புடிச்சுப் போச்சுங்க. அதை நம்பித்தான் கெளம்புனா.

அங்க என்னங்க பாக்கறீங்க? படகா? அது காலையில இருந்து அங்கயேதான் நிக்குது. நாஞ் சொல்றதைக் கேளுங்க.

தஞ்சாவூர்ல எறங்குனதும் நான் மொதல்ல எங்க போனேன்னு நெனைக்கறீங்க? பெரிய கோயிலுக்கா? டைம் கீப்பர் ரூமுக்கு. நானும் நம்ம டிபார்ட்மெண்டுதானுங்கன்னு சொன்னா டீ வாங்கிக் குடுத்து எல்லா டைமும் சொல்லுவாங்க. எந்த வண்டிக்கு அடுத்து எந்த வண்டி, எது பாயிண்டு டு பாயிண்டு, எது ஊருக்குள்ள போயி சுத்திட்டு வரும், எல்லாம் மனசுல ஏத்திக்கிட்டேன். வெளிய வந்தா ருக்கு பையை மடியில வெச்சுட்டு ஒரு கெழவிகிட்டப் பேசிட்டிருக்கறா. அந்தம்மாவுக்கு எத்தனை பேரன் பேத்தின்னு வரைக்கும் கேட்டு வெச்சிருக்கறா. கோயிலுக்கு வந்தவளுக்கு அடுத்தவங்க பேரன் எதுக்கு? மளார்னு வான்னு கூட்டிட்டுப் போனேன்.

அவளுக்குச் சுறுசுறுப்பு பத்தாதுங்க. பெரிய கோயில்ல ஒரு சுத்து வந்தா, அப்பறம் புல்லுத்தரையில முந்தானையை மூஞ்சிமேல போட்டுப் படுத்துட்டா. ஊரு சனம் எல்லாம் பாக்குது! எனக்கு ஒரே கூச்சமாப் போச்சு. தாராசுரத்துல ஒரு தூணோரமா உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல. கும்பகோணத்துல ஒரு கோயில் வாசல்ல வடை வாசம் வந்துச்சுன்னு அப்படியே திரும்பிட்டா. "சாமி நாளைக்கும் இங்கதான மாமா இருக்கும், வடை ஆறிப்போயிருமே"ங்கறா. இப்படி இருந்தா எங்க போயி எதைப் பாக்கறது?

ஏன் சார் சிரிக்கறீங்க? ஊட்டுலயா? ஊட்டுல அவதான் கோழி கூப்புடறதுக்கு மிந்தி எந்திரிக்கறா. சாணி அள்ளி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தி, சோறாக்கி, காட்டுக்குப் போயி... அது வேலைங்க. இது டூரு. டூருக்குன்னு தனியா ஒரு சுறுசுறுப்பு வேணும். அது என்கிட்ட இருக்குது. பஸ்ஸு நிக்கறதுக்கு மிந்தி குதிச்சு எறங்கிருவேன். கோயில்ல நொழைஞ்சா செருப்புச் சூடு ஆறறதுக்குள்ள வெளிய வந்துருவேன். வந்தது வந்தாச்சு, பக்கத்துல இன்னொண்ணு இருக்குதாம், அதையும் பாத்துப்போடலாம்னு அடுத்ததுக்குப் போயிருவேன். வந்தது வந்தாச்சுன்னு நான் எத்தனை தடவை சொன்னேனோ தெரியல. கடைசியில நான் வந்ததுன்னு வாயைத் தெறந்தாலே ருக்கு வந்தாச்சு வந்தாச்சுன்னு முன்னாடியே சொல்லிருவா.

ஆனா ஒண்ணு சொல்லோணும். பொழுதோட ரூமுக்கு வந்தா, நான் சட்டையைக்கூடக் கழட்டாமக் கட்டில்ல உளுந்துருவேன். கெண்டைக்கால் ரெண்டும் முறுக்கிக்கிட்டு நிக்கும். அவ முகங் கழுவிப் பூ வெச்சுட்டு, "மாமா, கடைவீதி வரைக்கும் காலாற நடந்துட்டு வரலாமா?"ம்பா. நாள் பூரா உக்காந்தே இருந்தா யாருக்குத்தான் தெம்பு இருக்காதுங்க? இதைச் சொன்னா அவ தைலத்தை எடுத்துக் காலுல தேச்சு உடுவா.

ஒரு மானக்கேட்டையும் சொல்லிப்போடறேன். கும்பகோணத்துல ஒரு கோயில்ல தீபாராதனை முடிஞ்சுது. எல்லாரும் கன்னத்துல போட்டுட்டு நிக்கறாங்க. நான் என்னையும் அறியாம "போலாம் ரைட்"டுன்னு சொல்லிட்டேன். சத்தமா. குருக்களே சிரிச்சுட்டாரு. ருக்கு மட்டும் சிரிக்கல. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கோணும்.

இந்தக் கடலுதாங்க அவ கேட்ட ஒரே எடம். மத்த ஊரெல்லாம் நான் சேத்துக்கிட்டது. கடலை ஒருக்காப் பாத்திருக்கறா, கொழந்தைங்களுக்கு மொட்டை போடப் போனப்ப, திருச்செந்தூர்ல. கொழந்தைங்களைப் புடிக்கவும் துணியைப் புழியவும் நேரஞ் செரியாப் போச்சு. நானும் ஈரத் தலையோட பஸ்ஸுல ஏத்திட்டேன். அதனால இந்தத் தடவை, "சும்மா உக்காந்து பாக்கோணும் மாமா, வேற ஒண்ணும் வேண்டா"ன்னு சொன்னா. நானும் செரின்னேன். ஆனா பாருங்க, ரூட்டுப்படி இது கடைசிப் பக்கமாத்தான் வருது. நடுவால இருக்கற ஊரை உட்டுட்டு வந்தா திரும்பிப் போகோணும்ல? அதனால வழியில இருக்கறதை எல்லாம் முடிச்சுட்டு இன்னைக்குக் காலையில தரங்கம்பாடியில எறங்குனோம்.

எறங்கி நடந்து வந்தோம். கடலைப் பாத்ததும் அவ நடை மெதுவாயிருச்சு. செருப்பைக் கழட்டி இங்க வெச்சுட்டு, அதோ அந்த எடத்துல, தண்ணி வந்து காலைத் தொட்டுட்டுப் போற மாதிரி உக்காந்தா. சேலை நனையுதுன்னேன். நனையட்டும்னா. செரி, டீக்கடையில பஸ்ஸு நிக்கற நேரம் உனக்குத் தர்றேன், அதுக்கு மேல முடியாது, காரைக்கால் வண்டி வந்துரும், அதுல போனா திருநள்ளாறு பாத்துப்போடலாம், வந்தது வந்தாச்சுன்னு சொல்லிட்டு நான் அந்தக் கோட்டைப் பக்கம் போயி நின்னேன். நேரம் ஆச்சு. அவ அசையல. கூப்புட்டேன், காத்துல கேக்கல. அப்பத்தான் அந்தக் காரியத்தைப் பண்ணுனேன்.

விசிலு அடிச்சேன் சார்.

சட்டைப் பையிலயேதான் இருக்கும். ரிட்டயர்டு ஆகி வரும்போது எல்லாத்தையும் ஒப்படைச்சேன், இதை மட்டும் மறந்தாப்புல வெச்சுக்கிட்டேன். ஊட்டுல எப்பவாச்சும் நாயை வெரட்டறதுக்கு அடிப்பேன், அவ்வளவுதான். இன்னைக்கு அடிச்சது நெஜமான அடி. பஸ் ஸ்டாண்டே திரும்பற அடி.

என்ன ஆச்சு தெரியுங்களா? இந்தக் கரையில உக்காந்திருந்த ஒரு கூட்டமே எந்திரிச்சுருச்சு! சேலத்துல இருந்து டூர் வேன்ல வந்தவிங்களாம். அவிங்களைக் கூட்டிட்டு வந்த ஆளு விசில் அடிச்சுத்தான் கூப்புடுவான் போலிருக்குது. பாவம், பாதி முறுக்கைக் கையில வெச்சுட்டு, கொழந்தையைத் தூக்கிட்டு, மணலை ஒதறிக்கிட்டு வரிசையா என்ற பக்கம் வர்றாங்க. ஒரு அம்மா கிட்ட வந்து, "ஏங்க, இன்னும் கொஞ்ச நேரம் இருக்குன்னு சொன்னீங்களே"ன்னு என்னையவே கேக்குது. வேன்காரன் ஓடி வந்து, "யாருய்யா நீ, எங்க ஆளுங்களை எங்க கூட்டிட்டுப் போற?"ன்னு சட்டையைப் புடிக்காத கொறை. ஊரு பூரா எந்திரிச்சு நிக்குது. ஒரே ஒருத்தி மட்டும் உக்காந்த எடத்துல இருந்து திரும்பிக்கூடப் பாக்கல. அவ என்ற பொண்டாட்டி.

கிட்டப் போயி நின்னேன். "விசிலு கேக்கலியா?"

"கேட்டுது மாமா."

"அப்பறம் எந்திரிக்க வேண்டாமா?"

"பஸ்ஸுக்குத்தான விசில் அடிப்பாங்க. நான் பஸ்ஸா?"

எனக்குச் சுருக்குன்னு போச்சுங்க. கோவத்துல, அப்ப நீ இங்கயே இரு, நான் மட்டும் போயிட்டு வர்றேன்னேன். வாண்டாம்பான்னு நெனைச்சேன். "பதனமாப் போயிட்டு வாங்க. மொதல்ல ஏதாச்சும் சாப்புட்டுக்கோங்க"ன்னு சொல்லிட்டு மறுபடியும் கடலைப் பாக்கத் திரும்பிட்டா. நானும் வீம்புக்குப் போயிட்டேன். சாப்புடவும் இல்ல.

திருநள்ளாறு வரிசையில நின்னனுங்க. வெயிலு. முன்னாடி இருக்கற தலையெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. அப்பறம் கண்ணு இருட்டிக்கிட்டு வந்து அப்படியே சரிஞ்சுட்டேன். யாரோ செவுத்தோரமாச் சாத்தி வெச்சாங்க. யாரோ அர்ச்சனைத் தட்டால விசிறுனாங்க. கூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டாங்க. யாருமில்லைன்னு என்ற வாயாலயே சொன்னேங்க. தெளிஞ்சதும் மறுபடியும் வரிசையில நிக்கத் தெம்பு இல்ல. சாமியைப் பாக்காமயே வந்துட்டேன். சனீஸ்வரனைப் பாக்கப் போயி அவரு என்னையப் பாத்துட்டு அனுப்பி வெச்சாருன்னு வெச்சுக்கோங்க.

திரும்பி வர்ற பஸ்ஸுலதான் பயம் வந்துது. தெரியாத ஊருல பொம்பளையத் தனியா விட்டுப்போட்டு வந்தமே, பசிச்சா என்ன பண்ணுவா, எனக்காகக் காத்துட்டிருப்பாளேன்னு. எறங்கி ஓட்டமும் நடையுமா வந்தேன். வந்து பாத்தா அங்கதான், அந்தக் கருவாடு காயப்போட்டிருக்குது பாருங்க, அங்க ஒரு அம்மாகூட உக்காந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுட்டிருக்கறா. வயிறாற மீன் கொழம்புச் சோறு சாப்புட்டிருக்கறா. மூஞ்சி அப்படித் தெளிச்சியா இருக்குது. எனக்குப் பொக்குனு போச்சு. காத்துட்டே இருக்கல பாருங்க.

என்ற கோலத்தைப் பாத்ததும் ஓடியாந்துட்டா. முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சு, அந்த அம்மாகிட்ட மோர் வாங்கிக் குடுத்து, சோறும் போட்டு, இந்தக் கல்லுல உக்கார வெச்சா. கொஞ்ச நேரங் கழிச்சு மெதுவாக் கேட்டா, "மாமா, இத்தனை ஊரு போனமே, தாராசுரத்துல நீங்க என்ன பாத்தீங்க?"

நான் ரோசனை பண்ணுனேன். "தாராசுரம்... கும்பகோணத்துல இருந்து டவுன் பஸ்ஸுலயே போயிரலாம். ஒரு வண்டியை உட்டாக் கொஞ்ச நேரத்துல அடுத்தது வந்துரும்."

"தஞ்சாவூர்ல?"

"புது பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளிய போயிருச்சு. சனத்துக்கு நெம்பச் செரமம்."

அவ சிரிச்சா. விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்பறம் அவ மட்டும் நிறுத்திட்டா. "தாராசுரத்துல ஒரு கல்லுக் குதிரை இருக்குது மாமா. அது முதுகுல ஒரு அணில் படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு. உங்களைக் கூப்புட்டுக் காட்டலாம்னு திரும்புனேன். நீங்க வாசல்ல நின்னு கைக் கடிகாரத்தைப் பாத்துட்டிருந்தீங்க"ன்னா. குத்திக்காட்டற மாதிரிச் சொல்லல சார். வருத்தமாச் சொன்னா. அப்பறந்தான் அந்தக் கண்டிசனைப் போட்டுட்டுப் பஸ் ஏறுனா.

அதனால இப்ப நான் கடலைப் பாக்கோணும். பாக்கறதுக்குத்தான் வந்தேன். அவ போனதும் எந்திரிச்சுக் கோட்டை எப்ப சாத்துவாங்கன்னு கேட்டுட்டு வந்தேன். அப்பறம் ரோட்டு வரைக்கும் போயி மாயவரத்துக்குக் கடைசி வண்டி எதுன்னு கேட்டு வெச்சுக்கிட்டேன். அதெல்லாம் தெரிஞ்சாத்தான நிம்மதியாப் பாக்க முடியும்? பாத்தேன். அலை வருது, போகுது. வருது, போகுது. டிரிப் அடிக்கற மாதிரி. இதைப் போயி அவகிட்டச் சொன்னா பையை எடுத்துருவா. அப்பத்தான் நீங்க உக்காந்திருக்கறதைப் பாத்தேன்.

ஆனா ஒண்ணு சார், இன்னைக்கு எனக்குப் புத்தி வந்துருச்சு. இனிமே ஊருக்குப் போறவங்களுக்கு நாஞ் சொல்லிக்குடுக்கலாம். வெயிலு ஏறுனா நெழலைத் தேடோணும். பசிக்கறதுக்கு மிந்தி சாப்புடோணும். ஒரு நாளைக்கு ஒரு எடம் பாத்தாப் போதும், மிச்சத்தை மனசு வந்தா வெச்சுக்கலாம், இல்லாட்டி உட்டுரோணும். ஒடம்பைப் பேட்டரியாட்டம் பாத்துக்கோணும். அவசரமே படப்படாது. நீங்களும் அப்படி இருந்து பழகோணும் சார், உங்களைப் பாத்தாக் கொஞ்சம் பதட்டமா இருக்கறீங்க. இந்நேரத்துக்குள்ள நாலு தடவை செருப்பை மாட்டிட்டீங்க. நாளைக்கு எங்க போறீங்க? வேதாரணியம் போங்க. நாகப்பட்டினம் போயி மாறுனாச் சுலபம். கிட்டத்துலயே கோடியக்கரை, வந்தது வந்தாச்சுன்னு அதையும்...

எந்திரிச்சுட்டீங்க?

இருங்க சார், நான் சொல்லி முடிச்சுட்டேன். ஒரே ஒரு ஒத்தாசை. நீங்க எனக்கு மிந்தியே வந்து உக்காந்தவரு. நீங்க என்ன பாத்தீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும். அதையே நான் பாத்ததா ருக்குகிட்டச் சொல்லிக்கறேன். அவளுக்குத் தெரியவா போகுது?

என்னங்க?

நான் வந்து உக்காந்ததுல இருந்து ஒண்ணுமே பாக்கலீங்களா?

அட.

அப்ப உங்களையும்... செரி, செரிங்க. உங்களுக்கு இந்தச் சித்தெ நேரமே தாங்கல, எந்திரிச்சுட்டீங்க. ருக்கு கழுத்துல தாலி ஏறுன நாள்ல இருந்து என்ற பக்கத்துலயே உக்காந்திருக்கறா. எத்தனையைக் கூப்புட்டுக் காட்டலாம்னு திரும்பியிருப்பாளோ தெரியல. எனக்கு அணிலு ஒண்ணுதான் தெரியும்.

உக்காருங்க சார். நீங்க எதுக்கு எந்திரிக்கோணும், மொதல்ல வந்தவரு நீங்க. நான் அந்தப் படகுகிட்டப் போறேன். அங்க வெயிலா இருந்தா இருந்துட்டுப் போகுது. கோவமெல்லாம் இல்லீங்க, நெஜமாத்தான் சொல்றேன். ருக்குகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டீங்கன்னா, ஒரு மனுசன் நிம்மதியா உக்காந்து கடலைப் பாத்துட்டிருந்தாரு, நான் போயி அதைக் கெடுத்தேன், இன்னைக்கு அதைத்தான் பாத்தேன்னு சொல்லிருவேன். அதுக்கு அவ கோபிக்குப் பஸ் ஏறுனான்னா, நானும் கூடவே ஏறி ஊரு போற வரைக்கும் வாயத் தெறக்காம உக்காந்து வர்றேன். அதுக்கு இப்பயே பழகிக்கறேன்.

நீங்க கடலைப் பாருங்க.